கத்தியில்லாமல் கொழுப்பைக் குறைக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எனக்கு வயது 39. இரண்டு பிரசவமும் சிசேரியன். வேளச்சேரியில் வீடு, பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை, நாள் முழுக்க நாற்காலி. நடந்தேன், சோற்றைக் குறைத்தேன், எடையும் கொஞ்சம் இறங்கியது. அடிவயிற்றுச் சதை மட்டும் எதற்கும் அசையவில்லை.

போன ஆடியில் ‘தள்ளுபடி இன்று மட்டும்’ என்று வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒரு கிளினிக்குக்குப் போனேன். கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சை, ஆறு சிட்டிங், 84,000 ரூபாய். உள்ளே போன 40 நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு சிட்டிங் முடிந்தது. ஐந்தாம் நாள் தொப்புளைச் சுற்றி வலி. எங்கள் குடும்ப டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தொப்புளில் சின்னதாக ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். ஹெர்னியா இருக்கும் இடத்தில் அந்த மெஷினை வைக்கவே கூடாது. மீதிப் பணத்தைத் திரும்ப வாங்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்றுதான். பணம் கட்டும் வரை என் வயிற்றை ஒரு டாக்டர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவர் இடுப்புப் பக்கச் சதைக்கு இதையே செய்துகொண்டு, நல்ல பலன் என்கிறார். அவருக்கு நடந்த வரிசை வேறு: முதலில் டாக்டர், அப்புறம் காகிதம், கடைசியில் பணம். எனக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது. நான் மருத்துவர் அல்ல. பட்டபின் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. உங்களுக்கு இருப்பது எந்தக் கொழுப்பு?

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. இதற்குச் செலவும் கிடையாது.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேரும். ஒன்று தோலுக்கு அடியில். விரலால் பிடித்தால் கைக்குள் வரும். இன்னொன்று உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி. உறைய வைப்பது, சூடாக்குவது, ஊசி என்று எதை எடுத்துக்கொண்டாலும் அது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மட்டுமே தொடும். உள்ளே இருப்பதை எதுவும் தொடாது. நம் ஊரில் பல ஆண்களுக்குக் கை, கால் ஒல்லியாக இருக்க, வயிறு மட்டும் தவில் மாதிரி இறுகி முன்னால் நிற்கும். அதில் பெரும்பங்கு உள்கொழுப்பு. எவ்வளவு பணம் கட்டினாலும் மெஷின் அதைக் குறைக்காது. சாப்பாடு, நடை, தூக்கம், தேவைப்பட்டால் டாக்டர் தரும் மருந்து, இவற்றால்தான் அது குறையும். சர்க்கரை, இதய நோய் ஆபத்தைக் கூட்டுவதும் அந்தக் கொழுப்புதான்.

நேராக நின்று வயிற்றுச் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். தளதளவென்று 2 செ.மீ.க்கு மேல் கைக்குள் வந்தால் மெஷினுக்கு அங்கே வேலை உண்டு. வரவில்லையென்றால் இந்தக் கட்டுரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் இடுப்பை அளந்து, பி.எம்.ஐ. கணக்கும் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது) போட்டுவிடுங்கள். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. வரை இருக்கலாம். இந்த அளவுகளை வெகுவாகத் தாண்டியவர்களுக்கு இந்தச் சிகிச்சை சரியான முதல் படி அல்ல. எடை ஓரளவு சரியாக இருந்தும், ஓரிடத்தில் மட்டும் சதை விடாப்பிடியாக நிற்கிறது என்பவர்களுக்கானது இது.

பிள்ளை பெற்றவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல் வைத்தால் பள்ளமாக இறங்குகிறதா, அல்லது அந்த இடம் கூம்பு போல் எழும்புகிறதா? அப்படியென்றால் கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் திரும்பச் சேராமல் இருக்கலாம். வயிறு தள்ளித் தெரிவதற்குக் கொழுப்பு காரணமாக இல்லாமல் இதுவே காரணமாக இருக்கக்கூடும். அதற்கு வழி பிசியோதெரபி, சிலருக்கு அறுவை. தொப்புள் புடைத்திருந்தாலோ, இருமும்போது ஏதாவது எட்டிப் பார்த்தாலோ நேராக சர்ஜனிடம் போய்விடுங்கள். நான் இரண்டு வருடம் தொப்புள் புடைப்பைப் பார்த்துக்கொண்டே ‘பிரசவத்துக்கு அப்புறம் எல்லோருக்கும் இப்படித்தான்’ என்று இருந்துவிட்டேன்.

2. எந்த முறை என்ன செய்யும்?

கிளினிக்கில் பெயர்கள் சரமாரியாக வந்து விழும். உள்ளுக்குள் இருப்பது நான்கைந்து வகைதான்.

உறைய வைப்பது: கிரையோலிபாலிசிஸ் என்பது மருத்துவப் பெயர். ‘ஃபேட் ஃப்ரீசிங்’ என்பார்கள். கூல்ஸ்கல்ப்டிங் இதில் பேர்பெற்ற பிராண்ட். தோலையும் கொழுப்பையும் ஒரு கிண்ணத்துக்குள் இழுத்துப் பிடித்து, 35 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை குளிர வைப்பார்கள். தோலைவிடக் கொழுப்பு செல் குளிருக்குச் சீக்கிரம் சாகும். செத்த செல்களை உடம்பு இரண்டு மூன்று மாதத்தில் மெதுவாக அப்புறப்படுத்தும். ஆய்வுகளில், ஒரு சிட்டிங்குக்கு அந்த இடத்துக் கொழுப்பின் கனம் 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். 3 செ.மீ. கனத்தில் கால் பங்கு போனால் எவ்வளவு? ஏழு மில்லிமீட்டர் சொச்சம். புடவைக் கட்டில், ஜீன்ஸ் இடுப்பில் வித்தியாசம் தெரியலாம். எடை மெஷினில் தெரியாது. ‘ஒரே சிட்டிங்கில் 5 கிலோ’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சூடாக்குவது: லேசர், ரேடியோ அலை, ஹைஃபூ எனப்படும் குவிக்கப்பட்ட அல்ட்ராசவுண்ட். இங்கே கொழுப்பு செல்லைச் சூட்டால் கொல்கிறார்கள். பலன் தெரிய இதற்கும் வாரக்கணக்கில் ஆகும். நம் நிறத் தோலில் சூடு கூடிப்போனால் கொப்புளம் வந்து, அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கலாம். எங்களைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு இந்தச் சூட்டு அளவில் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

தசையைச் சுருக்கும் காந்த மெஷின்: முக்கியமாகத் தசைக்கானது. கொழுப்பு குறைவது அதில் இரண்டாம் பட்சம்.

ஊசி: இங்கே ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி தாடைக்கு அடியில் இருக்கும் கொழுப்புக்கு மட்டும். ஆறு சிட்டிங் வரை போகலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மாதம் விட வேண்டும். கழுத்து சில நாள் நன்றாக வீங்கும். மருந்துச் சோதனைகளில் நூற்றில் நான்கு பேருக்குத் தாடை நரம்பு பாதிக்கப்பட்டு, கொஞ்ச காலம் சிரிப்பு கோணியது. வயிற்றுக்கும் தொடைக்கும் ‘ஃபேட் டிசால்விங்’ என்று பார்லர்களில் போடும் ஊசிகள் வேறு சங்கதி. அனுமதியில்லாத இப்படிப்பட்ட ஊசிகளால் சீழ், கட்டி, நிரந்தரத் தழும்பு வந்ததாக எஃப்.டி.ஏ. மக்களை எச்சரித்திருக்கிறது. மருந்துக் குப்பியில் பெயர், உற்பத்தியாளர், உரிம எண், காலாவதி தேதி நான்கும் இல்லாமல் யாருக்கும் உடம்பைக் காட்டாதீர்கள்.

3. என்ன ஆபத்து, யாருக்கு ஆகாது?

சாதாரணமாக வருபவை: சிவப்பு, கன்றிப்போதல், வீக்கம், மரத்துப்போதல். எனக்கு மரமரப்பு போக ஆறு வாரம் ஆனது. தடவினால் வேறு யாரோ வயிற்றைத் தடவுவது போல இருக்கும். சிலருக்கு மூன்றாம் நாளுக்கு மேல் மின்சாரம் சுண்டுவது போல வலி வரும். ஓரிரு வாரத்தில் அடங்கும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் இருக்காது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அரிதாக வருவது, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: உறைய வைத்த இடத்தில் கொழுப்பு குறையாமல், மாறாக வளர்ந்து கெட்டியாவது. பாரடாக்ஸிக்கல் அடிபோஸ் ஹைப்பர்பிளேசியா என்று பெயர். சிகிச்சைக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து, வைத்த கிண்ணத்தின் அச்சிலேயே வலியில்லாத மேடு எழும்பும். தானாகக் கரையாது. உணவுக் கட்டுப்பாட்டாலும் போகாது. பல மாதம் காத்திருந்து, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் போன்ற அறுவைதான் செய்தாக வேண்டும். 1990-களின் பிரபல மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா, தனக்கு இது நேர்ந்து உருவமே மாறிவிட்டதாக 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு என்பது தயாரிப்பாளர் கணக்கு. அதைவிட அதிகம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருவதாகத் தெரிகிறது. கத்தி வேண்டாம் என்று போய்க் கடைசியில் கத்திக்கே வந்து நிற்க வேண்டிய நிலை இது. எவ்வளவு சின்ன வாய்ப்பாக இருந்தாலும், ‘எனக்கு வந்தால் அறுவைச் செலவை யார் கட்டுவது?’ என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு வையுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உறைய வைக்கும் சிகிச்சைக்கு முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்:

குளிர் பட்டால் ரத்தத்தில் கோளாறு வரும் நோய்கள். கிரையோகுளோபுலினீமியா, கோல்டு அக்ளுட்டினின் நோய் ஆகியவை. இவர்களுக்கு இது அறவே கூடாது. குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் தொந்தரவு, குளிர் பட்டால் தடிப்பு, சர்க்கரையால் கால் மரப்பு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, ஹெர்னியா, அந்த இடத்தில் புதிய அறுவைத் தழும்பு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடுவதே நல்லது. ரேடியோ அலை அல்லது காந்த மெஷின் என்றால் பேஸ்மேக்கர், உடம்புக்குள் உலோகத் தகடு, காப்பர்-டி இவற்றையும் விடாமல் சொல்லுங்கள். காப்பர்-டியை நம்மில் பலர் மறந்தே போயிருப்போம்.

4. கிளினிக் வாசலை மிதிக்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

உங்கள் வழக்கமான டாக்டரிடம் போய், இப்படி ஒரு சிகிச்சை யோசிக்கிறேன் என்று சொல்லுங்கள். எனக்கு அவர் பின்னால் எழுதிக் கொடுத்தவை: தைராய்டுக்கு டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரை சராசரி, கொலஸ்ட்ரால், ரத்த எண்ணிக்கை, வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் சீட்டில் ‘ஹெர்னியா, தசை விலகல் இருக்கிறதா’ என்று எழுதி வாங்குங்கள். எழுதவில்லை என்றால் கல்லீரல், கிட்னி பார்த்துவிட்டு நார்மல் என்று கொடுத்துவிடுவார்கள். வயிற்றுச் சுவரைத் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எனக்கு எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது, ஒரு சனிக்கிழமை காலை போனது. இதை முதலில் செய்திருந்தால் 84,000 பேச்சே எழுந்திருக்காது. தைராய்டு குறைந்திருப்பது தெரிந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். உடம்பு தானாகவே கொஞ்சம் மாறும்.

5. டாக்டரையும் இடத்தையும் சரிபார்ப்பது

‘கவுன்சிலர்’ என்று ஒருவர் வெள்ளைக் கோட்டில் வந்து உட்காருவார். கனிவாகப் பேசுவார். அவர் விற்பனைப் பிரிவு. அவர் மேல் கோபம் வேண்டாம், அது அவர் வேலை. ஆனால் மருத்துவ முடிவை அவரிடம் எடுக்காதீர்கள்.

கேட்க வேண்டியவை:

டாக்டர் யார், பதிவு எண் என்ன? தோல் மருத்துவர் என்றால் எம்.டி. டி.வி.எல். அல்லது அதற்கு இணையான பட்டம். பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.சிஎச். ‘காஸ்மெட்டாலஜி டிப்ளமோ’ மட்டும் வைத்திருப்பவர் மருத்துவர் என்று ஆகிவிடாது. பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் எங்கே? தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டம் 1997-இன்படி பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடை உரிமம், ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், விருதுப் பலகை எதுவும் அதற்கு ஈடாகாது.

மெஷின் எது? பெயர், மாடல், சீரியல் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். 2017 மருத்துவச் சாதன விதிகளின்படி இப்படிப்பட்ட சாதனங்களை இறக்குமதி செய்ய சி.டி.எஸ்.சி.ஓ. என்ற மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் வேண்டும். ‘அதே டெக்னாலஜிதான் மேடம், பிராண்ட் மட்டும் வேறு’ என்ற பதில் வந்தால் உரிம எண்ணைக் கேளுங்கள். குளிரின் அளவைச் சரியாகக் கட்டுப்படுத்தாத போலி மெஷினில் தோலே உறைந்து புண்ணாகும்.

டாக்டர் உங்கள் வயிற்றை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் தொட்டுப் பார்த்தாரா? பார்க்காவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

6. செலவு: சொல்லும் விலையும் கட்டும் விலையும்

பின்னால் நிதானமாக நான்கு இடங்களில் விசாரித்தேன். எனக்குச் சொன்ன விலை ஒரு முறைக்கு 6,000 ரூபாயிலிருந்து 35,000 வரை போனது. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று துருவியதில் புரிந்தது: ஒரு இடத்தில் ‘ஒரு முறை’ என்றால் வயிறு முழுக்க. இன்னொரு இடத்தில் ஒரு கிண்ணம் ஒரு தடவை வைப்பது. சாதாரண வயிற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு தடவை வைக்க வேண்டியிருக்கும். ‘வயிறு 15,000’ என்று கேட்டுவிட்டுப் போனால் பில்லில் 60,000 நிற்கும். எத்தனை கிண்ணம், எத்தனை தடவை, எத்தனை சிட்டிங் என்று எண்ணிக்கையாக எழுதி வாங்குங்கள்.

அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. எனக்கு 18 சதவீதம் போட்டார்கள். மருத்துவ சேவைக்கு இருக்கும் வரி விலக்கு அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குக் கிடையாது. என்னிடம் பேசியது 84,000, பில்லில் வந்தது 99,120. ‘பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. இல்லை’ என்றும் ஓரிடத்தில் சொன்னார்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பின்னால் கேள்வி கேட்க உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

மருத்துவக் காப்பீடு இதற்குத் தராது. அழகு சிகிச்சை என்பது பாலிசிகளில் நிலையான விலக்கு. அதனால் வரும் சிக்கல்களுக்கும் கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். என் ஹெர்னியா அறுவைக்குக் காப்பீடு கிடைத்தது, அது தனி நோய் என்பதாலும், பாலிசியில் ஹெர்னியாவுக்கு இருந்த 2 ஆண்டு காத்திருப்பு முடிந்திருந்ததாலும்.

இ.எம்.ஐ. பற்றி. ‘வட்டியில்லாத் தவணை’ என்று அவர்கள் டேப்லெட்டில் ஓ.டி.பி. கேட்பார்கள். அந்த நிமிடமே ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் கடன் விழுகிறது. கிளினிக் மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொள்ளும். சிகிச்சை நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் உங்கள் சிபில் ஸ்கோர், அதாவது கடன் நம்பகத்தன்மை மதிப்பெண், இறங்கும். நான் படுத்தது ஒரு சிட்டிங். கட்டியது ஏழு தவணை. முடிந்தால் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுங்கள். தள்ளுபடி கொஞ்சம் போகும், போகட்டும். கடன்தான் வழி என்றால், கடன் விவரச் சுருக்கத்தை முதலில் கேட்டு வாங்கி, மொத்தச் செலவையும், அபராதமில்லாமல் ரத்து செய்ய எத்தனை நாள் என்பதையும் பார்த்துவிட்டு ஓ.டி.பி. சொல்லுங்கள்.

7. கையெழுத்துக்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

டாக்டர் கையெழுத்திட்ட பரிசோதனைக் குறிப்பு. மெஷின் விவரம். எண்ணிக்கையோடு விலைப்பட்டியல். பணம் திருப்பித் தரும் விதி. சம்மதப் படிவத்தின் நகல்.

சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். தமிழில் இல்லையென்றால் வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். நான் போட்ட படிவத்தில் ‘எனக்கு ஹெர்னியா இல்லை என்று உறுதி அளிக்கிறேன்’ என்று ஒரு வரி இருந்தது. ஹெர்னியா இருக்கிறதா என்று யாரும் பார்க்காமலே என்னிடம் உறுதி வாங்கிவிட்டார்கள். பின்னால் பணம் கேட்டபோது முதலில் எடுத்து நீட்டியது அந்த வரியைத்தான். தெரியாத விஷயத்துக்கு நீங்கள் உறுதி கொடுக்காதீர்கள். அந்த வரியை அடித்து, ‘டாக்டர் பரிசோதனைப்படி’ என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

‘பணம் திருப்பித் தரப்படாது, வேறு சேவைக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற வரிக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வயிற்றுக்குக் கட்டிய பணத்துக்கு ஃபேஷியல் செய்துகொள்ளச் சொல்வார்கள். மருத்துவக் காரணத்தால் நிறுத்தினால் மீதி சிட்டிங் பணம் இத்தனை நாளில் திரும்பும் என்று தனி வரி சேர்க்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் வாக்குறுதியை அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘நீங்கள் சொன்னது இதுதானே?’ என்று பதில் வாங்குங்கள்.

8. நாள் கணக்கு

பலன் முழுதாகத் தெரிய மூன்று மாதம். இரண்டாவது சிட்டிங் வேண்டுமென்றால் நடுவில் ஒன்றரை, இரண்டு மாதம் விடுவார்கள். ஆக ஐந்து மாதம். தையில் கல்யாணம் என்றால் ஆவணியிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். மார்கழியில் போய் நின்றால் கல்யாணத்துக்குக் கன்றிப்போன வயிறுதான் மிஞ்சும். வாரம் ஒரு சிட்டிங், ஆறு வாரத்தில் ஆறு சிட்டிங் என்று அதே இடத்துக்கு யாராவது அட்டவணை போட்டால், முதல் சிட்டிங்கின் பலனையே பார்க்காமல் அடுத்த பணத்தை வாங்குகிறார்கள் என்று பொருள்.

9. சிகிச்சை நாளன்று

காலையில் சாப்பிடும் முன், வீட்டில், ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே உடையில் முன்பக்கம், இரண்டு பக்கம் என மூன்று போட்டோ. சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளவு. கிளினிக்கில் எடுக்கும் ‘முன், பின்’ அளவை மட்டும் நம்பாதீர்கள். டேப்பை இரண்டு விரல் மேலே ஏற்றி, வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னால் ‘இன்ச் லாஸ்’ அந்த நிமிடமே வந்துவிடும்.

உறைய வைக்கும் முன் தோல் மேல் ஜெல் பேட் விரிப்பார்கள். தோலைக் குளிர்ப்புண்ணிலிருந்து காப்பது அதுதான். புது உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். கிண்ணம் தொடும் இடம் முழுவதையும் மடிப்பில்லாமல் மூட வேண்டும். ஒருவருக்கு விரித்ததை இன்னொருவருக்கு விரிக்கக் கூடாது.

முதல் பத்து நிமிடம் இழுப்பும் கடுப்பும் இருக்கும், பிறகு மரத்துவிடும். சுருக்கென்று எரிச்சல் கூடிக்கொண்டே போனால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்; நிறுத்தச் சொல்லுங்கள். அறையில் ஆள் இருக்க வேண்டும், டாக்டர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். எடுத்தபின் கெட்டியாக நிற்கும் சதையை ஓரிரு நிமிடம் அழுத்தித் தேய்ப்பார்கள். மொத்தத்தில் வலி அதிகம் அந்த இரண்டு நிமிடம்தான்.

10. அடுத்த வாரங்கள்

அன்றே வேலைக்குப் போகலாம், ஆனால் மறுநாள் இறுக்கமான இடுப்புப் பட்டை வேண்டாம். மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை, ஐஸ் இரண்டுமே வைக்காதீர்கள்; சுட்டாலும் தெரியாது. வாரம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

தோல் வெளுத்துக் கெட்டியாவது, கொப்புளம், கறுப்பது, காய்ச்சல் இருந்தால் அன்றே டாக்டர். தொப்புள் அல்லது அடிவயிற்றில் கெட்டியான புடைப்போடு கடும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் கிளினிக்குக்குப் போன் செய்யாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடல் சிக்கியிருக்கலாம். இரண்டு மாதம் கழித்து அந்த இடம் வளர்வது போலத் தோன்றினால், ‘இன்னொரு சிட்டிங் போட்டால் சரியாகும்’ என்ற பேச்சுக்கு மசியாமல் வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள்.

என் ஐந்தாம் நாள் வலி குளிரால் வந்ததா, ஹெர்னியாவால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் சர்ஜன். கிளினிக்கில் ‘நார்மல்’ என்றார்கள். நார்மலாகவே இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியவர் உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டர், போனில் பேசும் கவுன்சிலர் அல்ல.

11. தவறிப்போனால்

முதலில் உங்கள் சிகிச்சைப் பதிவேட்டை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. அப்புறம் பணத்தைக் கேட்டு மின்னஞ்சல், பதிலுக்கு 15 நாள் கெடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கிளினிக் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் முடியும். டாக்டர் மேல் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், பதிவில்லாத கிளினிக் என்றால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்.

எனக்கு ஆணையம் வரை போக வேண்டியிருக்கவில்லை. நான்கு மாதம் ‘மேனேஜர் லீவு’, ‘ஹெட் ஆபீஸில் கேட்கிறோம்’ என்று இழுத்தார்கள். 1915 புகாருக்குப் பின் ஃபேஷியல் தருகிறோம் என்றார்கள். வக்கீல் நோட்டீஸில் மூன்று காகிதம் இணைத்தோம்: ஜி.எஸ்.டி. பில், ஸ்கேன் ரிப்போர்ட், பணம் கட்டும் முன் நான் வாட்ஸ்அப்பில் ‘தொப்புள் கொஞ்சம் புடைத்திருக்கு, பரவாயில்லையா?’ என்று கேட்டதற்குக் கவுன்சிலர் ‘நோ ப்ராப்ளம் மேடம்’ என்று அனுப்பிய பதில். மூன்றாவது வாரம் 62,000 ரூபாய் கணக்கில் ஏறியது. அதை வைத்துக் கடனை முன்கூட்டியே முடித்து, நிலுவையில்லாச் சான்றும் வாங்கிவிட்டேன். நீங்களும் அந்தச் சான்றை மறக்காமல் வாங்கி, இரண்டு மாதம் கழித்து சிபிலில் கடன் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.